மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு: எவ்வளவு தேறும், எத்தனை வருடம் ஆகும்?

கேள்வி சுருக்கமாக: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 24 வயது, பாலிடெக்னிக் முடித்தவன். மதுரையில் மனநல வார்டில் 5 வாரம் வைத்திருந்து, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து 10 நாள். காதில் கேட்ட குரல் நின்றுவிட்டது, ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். அப்பா “சோம்பேறி” என்று திட்டுகிறார். சித்தப்பா “ஏதாவது ஹோம்ல விட்ருவோம்” என்கிறார். அம்மா “ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போகும்” என்கிறார். அக்கா கேட்பது: முழுசா சரியாகுமா? மாத்திரை எத்தனை வருடம்?

“முழுசா சரியாகுமா” என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். முதலாவது, குரல், சந்தேகம், தூக்கமின்மை போன்ற அறிகுறிகள் போகுமா. இரண்டாவது, குளிப்பது, கடைக்குப் போவது, வேலை பார்ப்பது, நாலு பேரிடம் பேசுவது எல்லாம் திரும்புமா. மூன்றாவது, அவனே தன் வாழ்க்கையை இது என் வாழ்க்கை என்று நடத்துவானா. இவை மூன்றும் ஒரே வேகத்தில் வருவதில்லை. முதலாவது பெரும்பாலும் வாரங்களில் வரும். இரண்டாவதற்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். வீட்டார் முதலாவதைப் பார்த்து “நல்லாயிட்டான்” என்று மாத்திரையை நிறுத்துவதும், இரண்டாவது வரவில்லை என்று “இவன் தேற மாட்டான்” எனக் கைவிடுவதும் இந்த வேகங்களைக் குழப்பிக்கொள்வதால்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு இருதுருவ நோயில் (பைபோலார், மனநிலை ஒரு காலம் எல்லை மீறிய உற்சாகத்துக்கும் ஒரு காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய்) செய்த ஓர் ஆய்வு நல்ல உதாரணம். அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனையில் முதல் முறையாக உன்மத்த நிலையில், அதாவது அந்த எல்லை மீறிய உற்சாக நிலையில், சேர்ந்த 166 பேரை 2 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். நோய்த்தாக்கம் அடங்கியது என்ற கணக்கில் 98 சதவீதம் பேர் மீண்டார்கள். மிச்சம் மீதி அறிகுறிகூட இல்லாதவர்கள் 72 சதவீதம். பழைய வேலை, பழைய இருப்பு என்ற அளவுக்குத் திரும்பியவர்கள் 43 சதவீதம்தான். ஒரே ஆட்கள், ஒரே இரண்டு ஆண்டுகள், மூன்று விதமான விடை.

மனச்சிதைவிலும் இதே கதைதான். 2013 இல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அறிகுறியும் குறைய வேண்டும், வாழ்க்கையும் நடக்க வேண்டும், குறைந்தது 2 ஆண்டாவது அது நீடிக்க வேண்டும் என்ற கறாரான அளவுகோலில் தேறியவர்கள் ஏறக்குறைய 13.5 சதவீதம். இந்த எண்ணை மட்டும் படிப்பவருக்கு வயிறு கலங்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் 15 முதல் 25 ஆண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். நான் முக்கியமாக நினைப்பது அதே ஆய்வில் வந்த இன்னொரு செய்தி. முதல் சில ஆண்டுகள் விடாமல் நோயோடு இருந்தவர்களிலும் சுமார் 16 சதவீதம் பேர் பிற்காலத்தில் தேறினார்கள். மூன்றாம் வருடத்தில் “இவ்வளவுதான்” என்று கணக்கை முடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நம் பக்கத்து ஆய்வும் உண்டு. சென்னையில் முதல் முறை மனச்சிதைவு கண்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் தாரா அதை முன்னின்று நடத்தினார். பலருக்கு நோய் இடையிடையே தலைகாட்டியது, ஆனால் ஒரு நாளும் விடுதலையே இல்லாமல் தொடர்ந்து நோயிலேயே கிடந்தவர்கள் சிலர்தான். நடுவில் பெரும்பான்மையோரின் வாழ்க்கை ஏறியும் இறங்கியும் போனது. உங்கள் தம்பிக்கும் அதை எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

சரி, ஏறுவதையும் இறங்குவதையும் எது தீர்மானிக்கிறது? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1950களின் நடுவில், இனி ஆகாது என்று பின்கட்டு வார்டுகளில் வருடக்கணக்காகக் கிடந்த 269 பேருக்கு வேலைப் பயிற்சி, தங்க இடம், தொடர் கவனிப்பு என்று ஏற்பாடு செய்து வெளியே அனுப்பினார்கள். சராசரியாக 32 ஆண்டு கழித்துப் பார்த்தபோது பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். மெய்ன் மாநிலத்தில் இதே மாதிரி ஆட்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது நன்றாக இருந்தவர்கள் வெர்மான்ட்டில் 68 சதவீதம், மெய்னில் 49. நோய் ஒன்றுதான், வெளியே வந்த பிறகு கிடைத்தது வேறு. வார்டு தீயை அணைக்கும். கூரையைத் திரும்ப வேய்கிற வேலை வீட்டிலும் ஊரிலும்தான் நடக்கும்.

(“எங்க தெருவுல ஒருத்தருக்கும் சரியாகலையே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேறியவர் யாரிடமும் சொல்லமாட்டார். ஓபி வரிசையிலும் நிற்கமாட்டார். தேறாதவர்தான் எல்லோர் கண்ணிலும் படுவார். மருத்துவர்களுக்கே இந்தக் கண்மயக்கம் உண்டு.)

இப்போது நடைமுறைக்கு வருவோம். முதல் 3 மாதம்தான் மிக ஆபத்தானது, அதிலும் முதல் வாரம். மனநல வார்டிலிருந்து வந்தவர்களில் தற்கொலை அந்தக் காலத்தில்தான் மிக அதிகம் என்பது பல நாட்டுத் தரவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. குரல் நின்று, தெளிவு வரும்போதுதான் “எனக்கு இப்படி ஆகிவிட்டதே, ஊர் என்ன சொல்லும்” என்ற நினைப்பும் வரும். அமைதியாகிவிட்டான் என்று வீடு நிம்மதி அடைகிற நாள்களும் அவை. ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியவை: பருத்திக்கும் நெல்லுக்கும் அடிக்கிற பூச்சிமருந்து வீட்டிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பூட்டி வைப்பது போதாது, சாவி இருக்குமிடம் அவனுக்குத் தெரியும். மாத்திரைகளை மொத்தமாக அவன் கையில் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் வெளியே வையுங்கள். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறு, கேட்காததால்தான் பலர் சொல்வதில்லை. “ஆமாம்” என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் உண்டு, தமிழில் பேசலாம்.

அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயர், மி.கி. அளவு, எந்த வேளை, கடைசியாக ஊசி போட்டிருந்தால் எந்தத் தேதி, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். “அதே மருந்தைத் தொடரவும்” என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்பப் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சைப் பதிவின் அடிப்படை விவரங்களைப் பெறும் உரிமையை 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு தருகிறது. வெளியே அனுப்பும் முன்பே அடுத்த சிகிச்சை எங்கே, யாரிடம் என்று திட்டமிட வேண்டும் என்பது 98 ஆம் பிரிவு. ஒரு படியெடுத்து உங்கள் போனிலும் படம் பிடித்து வையுங்கள். மருந்துக் கடையில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம் மாறும். “இது வேற மருந்து, எனக்கு விஷம் வைக்கிறாங்க” என்று அப்போது தம்பி மறுக்கலாம், சந்தேக நோயில் அது இயல்பு. பட்டையில் உள்ள வேதிப்பெயரைச் சம்மரியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

மாதா மாதம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போவது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிற காரியம். தொடர்சிகிச்சை அறுந்து போவதற்கு அவநம்பிக்கையைவிட இந்தத் தூரமே பெரிய காரணம் என்பது என் கருத்து. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாள்களில் அரசு வட்ட மருத்துவமனைகளுக்கு வரும். உங்களுக்கு உசிலம்பட்டி அரசு மருத்துவமனைதான் பக்கம். எந்தக் கிழமை என்று விசாரித்து, சம்மரியோடு போய் அங்கேயே மாத்திரை தொடர முடியுமா என்று கேளுங்கள். சிக்கலான நேரத்தில் மட்டும் மதுரைக்கு வந்தால் போதும்.

மாத்திரை எத்தனை வருடம்? முதல் முறை நோய் என்றால், அறிகுறி முழுதும் அடங்கிய நாளிலிருந்து குறைந்தது 1 முதல் 2 ஆண்டு. வார்டில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது முறை என்றால் 5 ஆண்டோ அதற்கு மேலோ. நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் பார்வையில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எண்கள் அப்படி. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்து தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 சதவீதம். முதல் தாக்கத்துக்குப் பிறகு மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்றது நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு. இதில் 27 என்ற எண்ணையும் மறைக்கக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் நாலில் ஒருவருக்குத் திரும்பியது. அப்படி ஆனால் “நீ மாத்திரய ஒழுங்காப் போடல” என்று அவன்மேல் பாயாதீர்கள்.

இந்த மருந்துகளில் ஒரு பொல்லாத குணம் உண்டு. சர்க்கரை மாத்திரையை விட்டால் சில நாளில் அளவு ஏறிக் காட்டிவிடும். இதை விட்டால் மறுநாள் ஒன்றும் ஆகாது. தூக்கக் கலக்கம் குறைந்து, முகம் தெளிந்து, ஆள் முன்னைவிட நன்றாகவே இருப்பான். “பாத்தியா, மாத்திரதான் இவனக் கெடுத்துச்சு” என்று வீடே சொல்லும். நோய் திரும்புவது வாரங்கள், பல சமயம் மாதங்கள் கழித்து. அதற்குள் மாத்திரையை நிறுத்தியது எல்லோருக்கும் மறந்திருக்கும். அந்த வாரம் நடந்த ஒரு சாவு வீடு, ஒரு சண்டை, சுடுகாட்டுப் பக்கம் போனது என்று ஏதோ ஒன்று பழியேற்கும். கோடங்கி செய்வினை என்பார். ஒரு நோட்டில் மாத்திரைக் கணக்கு எழுதி வந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அவன் மாத்திரையை விடுகிறான் என்றால் பெரும்பாலும் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் திட்டிப் பயனில்லை. உட்கார முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நடந்துகொண்டே இருக்கிறானா? அது பல சமயம் மருந்து தரும் உள்நமைச்சல், உள்ளுக்குள் இருப்புக்கொள்ளாத தவிப்பு. நோய் கூடிவிட்டது என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் நமைச்சலும் கூடும். கை விறைப்பு, நடுக்கம், எச்சில் வடிதல், முகம் மரத்தது போலிருத்தல் ஆகியவற்றுக்கு அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். உடனே கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை விறைப்பை எடுக்கும், ஆனால் வருடக்கணக்கில் தொடர்ந்தால் மறதியும் மலச்சிக்கலும் தரும். தேவை இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஆண்மைக் குறைவு என்றால் இளைஞன் அக்காவிடம் சொல்லமாட்டான், மாத்திரையைத்தான் தூக்கி எறிவான். மருத்துவர் அவனைத் தனியே கேட்க வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

தினமும் மாத்திரைப் போராட்டம் என்றால் டெப்போ ஊசி ஒரு நல்ல வழி. ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் 25 மி.கி. போன்ற ஊசிகளை 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை தசையில் போடுவார்கள். “ஊசி போடுற அளவுக்கு முத்திப்போச்சா” என்று பயப்பட வேண்டியதில்லை. தினமும் காலை வீட்டில் நடக்கும் சண்டை மாதம் ஒன்றிரண்டாகக் குறையும் என்பதே பெரிய லாபம். ஊசி நாள் தவறினால் உடனே தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. விறைப்பு வந்தால் மட்டும், மருந்து உடம்பில் வாரக்கணக்கில் இருப்பதால், குறையத் தாமதமாகும்.

பீடி பற்றி யாரும் சொல்லாத ஒன்று. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஓலான்சபின், குளோசபின் என்ற இரண்டு மருந்துகளையும் புகை ஈரலில் வேகமாகக் கரைய வைக்கும். வார்டில் பீடி இல்லாமல் 5 வாரம் இருந்தபோது சரியாக இருந்த அளவு, வீட்டுக்கு வந்து தினம் ஒரு கட்டு பீடி பிடித்தால் போதாமல் போகும். குளோசபின் அளவு இரத்தத்தில் பாதி வரைகூட இறங்கலாம். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் நோய் திரும்புவதற்கு இது ஒரு காரணம். மாறாக, பல வருடப் பீடியைத் திடீரென்று விட்டால் அளவு ஏறி மயக்கமும் வலிப்பும் வரலாம். விடுவது நல்லதுதான். விடுகிற வாரத்தில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்த வேலையைச் செய்வது புகைதான், நிகோடின் இல்லை. அதனால் புகையிலை மெல்லுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

குளோசபின் யாருக்கு என்றால், இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் ஒவ்வொன்றும் சுமார் 6 வாரம் கொடுத்தும் கேட்காதவர்களுக்கு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த வகை. வெள்ளணுக்கள் குறையும் அபாயம் இருப்பதால் முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, பிறகு மாதா மாதம். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். இன்னொரு ஆபத்து மலச்சிக்கல். 3 நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் அதை வேடிக்கையாக எடுக்கக் கூடாது, குடல் அடைத்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு. இத்தனை தொல்லையும் தாண்டி, மற்ற மருந்து கேட்காதவருக்கு இதைப்போல வேலை செய்வது வேறில்லை. பல வருடம் தாமதித்துத்தான் இதைக் கொடுக்கிறார்கள் என்பது என் குறை.

உங்கள் தம்பிக்கு இல்லையென்றாலும், இதைப் படிக்கும் வேறு வீட்டில் இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர் இருந்தால்: சித்திரைத் திருவிழா உங்களுக்கு இரட்டை ஆபத்து. எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் என்று இரண்டு மூன்று இரவு தூக்கம் போனால் உன்மத்தம் கிளம்பும். அதே வெயிலில் நடந்து வேர்த்து, தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போட்டால் இன்னும் ஏறும். கை பலமாக உதறுவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. இரத்த அளவு பார்க்கும்போது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலை மாத்திரையை முழுங்கிவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால் வரும் எண் தவறு. 6 மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும் தைராய்டும்.

உடம்பை மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயமும் சர்க்கரையும் புகையும் பெரும் காரணங்கள். இன்றைக்கே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் நோட்டில் எழுதுங்கள். முதல் 3 மாதத்தில் 5 கிலோ ஏறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு 3 மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடா வருடம். இந்த மருந்துகளுக்குப் பசி கூடும். வீட்டில் மூன்றாவது முறை சோறு கேட்டால் மறுக்க மனம் வராது. ஜிகர்தண்டாவும் பரோட்டாவும் தினமும் வேண்டாம் என்று மட்டும் ஆரம்பியுங்கள்.

இனி அந்தப் படுக்கை. நாள் முழுக்கப் படுத்திருப்பதற்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டு மறுநாள் மதியம் வரை தூங்கி, மாலையில் சுறுசுறுப்பாக இருந்தால் அது மருந்து மயக்கம். நேரத்தை இன்னும் முன்னதாக்கவோ அளவைக் குறைக்கவோ கேளுங்கள். உடம்பு மெதுவாக அசைகிறது, கை வீசாமல் நடக்கிறான் என்றால் மருந்து விறைப்பு. அழுகை, தன்னைத் தாழ்த்திப் பேசுவது, சாப்பாடு இறங்காதது என்றால் மனச்சோர்வு. போர்வைக்குள் முணுமுணுத்தால் குரல் இன்னும் போகவில்லை. இவை எதுவும் இல்லாமல், கேட்டால் பதில் சொல்கிறான், வெறுப்பும் இல்லை, எழத்தான் தோன்றவில்லை என்றால் அது மனச்சிதைவின் எதிர்மறை அறிகுறி. மூளையில் முனைப்பு எடுக்கிற இடம் ஓய்ந்து போனது போன்ற நிலை. அப்பா பார்க்கும் சோம்பல் வேறு. சோம்பேறிக்குப் பிடித்த வேலை என்று ஒன்று இருக்கும், இவனுக்குப் பிடித்த வேலையிலும் கை நீளாது.

இதற்கு மாத்திரை பெரிதாக உதவாது, பழக்கம் உதவும். முதல் வாரம் ஒரே ஒரு குறி: காலை 7 மணிக்கு எழுந்து முகம் கழுவி வாசலில் அமர்ந்து டீ குடிப்பது. வேறு எதையும் கேட்காதீர்கள். அது 5 நாள் நின்ற பிறகு குளியல். பிறகு 15 நிமிட நடை. பிறகு பால் வாங்கி வருவது. ஒவ்வொன்றையும் முதலில் கூடச் செய்து, பிறகு நினைவூட்டி, பிறகு விட்டுவிடுவது. வீட்டார் செய்யும் தவறு இரண்டாம் வாரமே “வேலைக்குப் போடா” என்பது. போவான், மூன்று நாளில் திரும்புவான், தோற்றுவிட்டேன் என்று முன்னைவிட ஆழமாகப் படுப்பான்.

வேலை கட்டாயம் வேண்டும், ஆனால் எந்த வேலை என்பதில் யோசனை வேண்டும். பூ மார்க்கெட் வேலை இருட்டோடு தொடங்கும், தூக்கம் கெடும். இருதுருவ நோயாளிக்கு அது ஆகாது. நூற்பாலையில் இரவு ஷிப்டும் அப்படியே. சென்ட்ரிங் வேலை, உயரம் ஏறுவது, மருந்து மயக்கத்தோடு ஆபத்து. வீட்டிலிருந்தே பூக்கட்டுவது, சுங்குடிக்கு முடிச்சுப் போடுவது, ஆடு மேய்ப்பது, தெரிந்தவர் கடையில் அரை நாள் நிற்பது போன்றவை தொடக்கத்துக்கு ஏற்றவை. பாலிடெக்னிக் படித்தவனை ஆடு மேய்க்கச் சொல்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம். இது முதல் 6 மாதத்துக்கான ஏணிப்படி. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற மறுவாழ்வு அமைப்புகள் பகல் நேரப் பயிற்சி நடத்துகின்றன, போய்ப் பாருங்கள். 2014 இல் வெளியான, காஞ்சிபுரம், கோவா, சதாரா பகுதிகளில் 282 பேரிடம் நடந்த ஆய்வில், வீடு தேடி வரும் சமூகப் பணியாளரின் உதவி சேர்ந்தபோது அறிகுறியும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. அதிலும் தமிழ்நாட்டில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் இந்த நோயில் ஓரளவு என்பதே பெரிய சொல்.

அப்பாவிடம் இதைக் காட்டுங்கள். குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திவைப்பு இவை அதிகமுள்ள வீட்டில் நோய் விரைவில் திரும்புகிறது என்று லண்டனில் 1970களில் கண்டார்கள். வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் அப்படிப்பட்டவரோடு முகம் பார்த்து இருப்பது அபாய எல்லையாகக் கருதப்பட்டது. சண்டிகரில் அளந்தபோது அந்த வகை உறவினர்கள் 23 சதவீதம்தான், மேலை நாடுகளைவிடக் குறைவு. நம் குடும்பங்களுக்கு இயல்பாகவே உள்ள பொறுமை ஒரு சொத்து, அதைச் செலவழித்துவிடாதீர்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் டீக்கடைக்குப் போய்விடட்டும், அதுவே ஒரு சிகிச்சை. பேசும்போது ஒரு நேரம் ஒரு விஷயம். “எப்பப் பாத்தாலும் படுத்தே கெட” என்பதற்குப் பதிலாக “இந்தத் தட்டக் கொஞ்சம் எடுத்து வைப்பா”. அம்மா ஊட்டிவிடுவதும் குறைய வேண்டும். அன்பு என்றாலும் அதுவும் அவன் கையைக் கட்டும்.

சித்தப்பாவின் யோசனைக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர் மாண்டார்கள். அது நடந்து இத்தனை வருடம் ஆகியும் “விட்ருவோம்” என்ற சொல் போகவில்லை. இப்போது எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95 ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டார் இல்லை, ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19 ஆம் பிரிவு. மருத்துவக் காரணமும் இருக்கிறது. பல வருடம் உள்ளேயே இருந்தவர் சமைக்க, காசு எண்ண, பஸ் ஏற மறந்துவிடுகிறார். அந்த மறதியை நோய் என்று எழுதி மேலும் உள்ளேயே வைக்கிறார்கள். பெற்றோர் வயதாகிப் பார்க்க முடியாத நிலை வந்தாலும் வழி உண்டு. சென்னையில் தொடங்கிய பேன்யன் என்ற தொண்டு அமைப்பு, நாலைந்து பேர் ஒரு சாதாரண வாடகை வீட்டில் உதவியாளரோடு வாழும் ஏற்பாட்டைச் செய்து காட்டியிருக்கிறது. ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் மூன்று கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா. மூன்றாவதற்குத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பாண்டி கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் வருவதை நான் தடுக்கச் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு அது பலம். ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. போகிற இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் அந்த ஒன்றைக் கேட்காதீர்கள். விரதமும் உறக்கமில்லா இரவுகளும் வேண்டாம்.

நோய் திரும்புவதற்கு முன்குறி உண்டு. ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் ஒரே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஒரே வரிசை. வார்டில் சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் என்னென்ன நடந்தது என்று தம்பியோடு உட்கார்ந்து எழுதுங்கள்: இரவு 2 மணிக்கு விழித்தது, போனை அணைத்து வைத்தது, சாப்பாட்டை முகர்ந்து பார்த்தது, ஜன்னலை அடைத்தது. முதல் மூன்றில் இரண்டு தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்ப்பது என்று அவனோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தெளிவாக இருக்கும்போது அவன் ஒப்புக்கொண்டதை அப்போது நினைவுபடுத்தலாம். மறுபடி சேர்க்க நேர்ந்தால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நியமனப் பிரதிநிதியை எழுதி வைக்கவும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14 ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும்.

ஊனமுற்றோர் சான்றுக்கு இப்போதே ஓட வேண்டாம். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. தன் பராமரிப்பு, உறவு, பேச்சு, வேலை என்ற நான்கையும் நோய் இருந்த காலத்தையும் மதிப்பெண் போட்டு 40 சதவீதம் வந்தால் சான்று கிடைக்கும். ஒரு வருடம் சிகிச்சை பார்த்துவிட்டு அப்போதும் இயலாமை நின்றால் விண்ணப்பியுங்கள்.

கல்யாணம். நோய்க்குக் கல்யாணம் மருந்தாகாது. நோய் இருப்பதால் கல்யாணமே கூடாது என்பதும் இல்லை. நடப்பது என்ன என்றால், மறைத்துச் செய்வார்கள். புது மனைவி பார்த்துவிடுவாள் என்று மாத்திரை நிற்கும். கல்யாண வீட்டில் தூக்கமும் போகும். சில மாதத்தில் மறுபடி வார்டு. அங்கே பெண் வீட்டார் வந்து “முன்னாடியே இருந்துச்சா?” என்று கேட்பார்கள். மறைத்தது மோசடி என்று திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு நோய் திரும்பாமல், ஏதோ ஒரு வேலையில் நிலைத்த பிறகு, சொல்லித்தான் பேச வேண்டும். குழந்தைக்கு வருமா என்று கேட்பார்கள். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம், அதாவது பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வராது. விருப்பம் இருந்தால் பெண்ணையும் அவள் வீட்டாரையும் ஒருமுறை உங்கள் மருத்துவரிடமே கூட்டிப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கல்யாணம் வேண்டுமா என்று தம்பியிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவனுடையது இல்லை.